நீர்த்தெள்ளின் வால்பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஏரித் தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும் நீர்த்தெள்ளு என்ற சிற்றுயிர் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். வேறு வேறு ஊர், வேறு வேறு தொழில். ஆனால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இது எந்த இனம், எதைப் பார்த்துச் சொல்வது? கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலம் முழுக்க எனக்கு மிகப் பிடித்த பாடம் இது. அதனால் இந்த மாதப் பக்கங்களை முழுவதும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கொளத்தூரில் ஒரு கடையில் 'டாஃப்னியா' என்று சொல்லி ஒரு கவர் உயிர்த்தீனி கொடுத்தார்கள். மாடியில் சிமென்ட் தொட்டியில் பெருக்கி ஃபைட்டர் குஞ்சுகளுக்குப் போடுகிறேன். மீன் வளர்க்கும் நண்பர் பார்த்துவிட்டு, "இது மொய்னா" என்கிறார். கையில் ஒரு லென்ஸ் இருக்கிறது. யார் சொல்வது சரி?
– வாசகர், பெரம்பூர்

டாஃப்னியா, மொய்னா இரண்டுமே நீர்த்தெள்ளு வகைகள்தான். உங்கள் கடிதத்தில் இரண்டு துப்பு இருக்கிறது. தொட்டிக்குச் சாணக் கரைசல் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். பிறந்த சில நாளே ஆன ஃபைட்டர் குஞ்சு அதைப் பிடித்துத் தின்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே மொய்னாவைத்தான் காட்டுகின்றன. அழுக்கு மிகுந்த, பிராணவாயு குறைந்த தண்ணீரிலும் கொழிப்பது மொய்னா. அதன் குட்டி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் துப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளைக் கரண்டியில் கொஞ்சம் தண்ணீரோடு அள்ளுங்கள். முதுகில் முட்டையோ குட்டியோ சுமக்கும் பெண்ணாகத் தேர்ந்தெடுங்கள். இது முக்கியம். டாஃப்னியாவின் குட்டி அளவில் மொய்னாவின் தாயைப் போலவே இருக்கும். முட்டை சுமப்பது என்றால் அது வளர்ந்தது என்பது உறுதி. வளர்ந்த மொய்னா ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். நம் குளங்களில் கிடைக்கும் பெரிய டாஃப்னியாக்கள் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வரை போகும்.

அடுத்து வாலைப் பாருங்கள். டாஃப்னியாவின் ஓடு பின்னால் ஒரு முள்ளாக நீண்டிருக்கும். மொய்னாவுக்கு அந்த முள் இல்லை, ஓட்டின் பின்பக்கம் மழுங்கி முடியும். வயதான டாஃப்னியாவில் முள் தேய்ந்து குட்டையாகிவிடுவது உண்டு, ஆகவே இதோடு நிறுத்தாமல் முகத்துக்கு வாருங்கள். டாஃப்னியாவின் முகம் கீழ்நோக்கி ஓர் அலகாகக் கூராகும். பெண்ணின் முதல் உணர்கொம்புகள் அந்த அலகின் அடியில் ஒளிந்திருக்கும், லென்ஸில் தேடினாலும் அகப்படாது. மொய்னாவுக்கு அலகே கிடையாது. அதன் தலைக்கடியில் இரண்டு நீளமான உணர்கொம்புகள் தனியாகத் தொங்கி ஆடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அது தெரியும். தெரிந்துவிட்டால் நண்பர் ஜெயித்தார்.

மைக்ரோஸ்கோப் கிடைத்தால் இன்னும் ஒன்று பாருங்கள். எனக்கு மிகப் பிடித்த அடையாளம் இது. நீர்த்தெள்ளின் உடம்பு முடிவில், ஓட்டுக்குள்ளிருந்து முன்பக்கமாக மடங்கி நிற்கும் ஒரு பகுதி உண்டு. பின்வயிறு என்போம். அதன் நுனியில் இரண்டு வளைந்த நகங்கள். அந்த நகங்களுக்கு மேலே பற்கள் ஒரு வரிசையாக இருக்கும். டாஃப்னியாவில் அவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கூர்முள். மொய்னாவில் நகத்துக்கு மிக அருகே உள்ள பல் மட்டும் இரண்டாகப் பிளந்திருக்கும். மற்றவை எல்லாம் விளிம்பில் மெல்லிய மயிர் வைத்த சிறு முக்கோணங்கள். ஒரு முறை பார்த்தால் மறக்காது. அந்தப் பிளவுப் பல் மொய்னா குடும்பத்தின் முத்திரை.

மொய்னாவிலும் எந்த மொய்னா என்று கேட்டால், இந்தியத் தண்ணீரில் சாதாரணமாக அகப்படுவது மொய்னா மைக்ரூரா. கண்ணுக்கு மேலே தலையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தலை வழவழப்பாக, மயிரில்லாமல் இருக்கும். சற்றுப் பெரிதாக, தலையிலும் ஓட்டிலும் மயிர் முளைத்து இருந்தால் மொய்னா மேக்ரோகோப்பாவாக இருக்கலாம். வறட்சியைத் தாங்கிக் காத்திருக்கும் உறக்க முட்டையை, ஓட்டாலான ஒரு பெட்டிக்குள் வைத்துப் போடும்போது சந்தேகமே வேண்டாம்: மைக்ரூராவின் முட்டைப் பெட்டியில் ஒரு முட்டை, மேக்ரோகோப்பாவில் இரண்டு.

எம்.எஸ்ஸி. திட்டத்துக்காக எங்கள் ஊர்க் குளத்தில் மாதம் ஒரு முறை வலை போடுகிறேன். சில மாதங்களில் தலையில் நீண்ட கூம்புத் தொப்பி வைத்த டாஃப்னியா வருகிறது. வேறு சில மாதங்களில் உருண்டைத் தலை. இரண்டு இனம் என்று எழுதலாமா?
– மாணவி, கோயம்புத்தூர்

அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள் அம்மா. உங்கள் கேள்விதான் இந்த மாதத்துக் கேள்விகளிலேயே முக்கியமானது. நீர்த்தெள்ளு வகைப்பாட்டில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எல்லாரையும் அலைக்கழித்த இடம் இதுதான்.

நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தில் தொப்பிக்காரியின் வால்முள் உடம்பளவு நீளம். தலையின் பக்கவாட்டில் கூரான முனைகள். ஓட்டின் கீழ் விளிம்பில் வரிசையாக நீண்ட முட்கள். இவ்வளவும் சேர்ந்தால் டாஃப்னியா லும்ஹோல்ட்சி என்று தைரியமாகச் சொல்லலாம். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றிலும் உள்ள இனம். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க நீர்த்தேக்கங்களில் புகுந்து அங்கேயும் பரவிவிட்டது. இதே இனத்தில் தொப்பியில்லாத வடிவமும் உண்டு. அதற்கு மொனாகா என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவின் ஆல்பர்ட் ஏரியில் இவ்விரண்டு வடிவங்களும் எங்கெங்கே கிடைக்கின்றன என்பதை மீன்களின் வேட்டையோடு பொருத்திப் பார்த்து கிரீன் என்ற ஆய்வாளர் 1967-இல் எழுதினார். பிறகு 1994-இல் ரால்ஃப் டோல்ரியன், மீன் இருந்த தண்ணீரின் வாடை பட்டாலே போதும், இந்த இனம் முள்ளும் தொப்பியும் நீட்டிக்கொள்ளும் என்று ஆய்வகத்தில் காட்டினார். மீன் பக்கத்தில் வந்து கடிக்கக்கூட வேண்டாம்.

இப்படி ஏமாந்து தனி இனம் என்று பெயர் வைத்த கதை ஒன்றிரண்டல்ல. வட அமெரிக்கக் குட்டைகளில் பிடரியில் சிறு பற்கள் வைத்த ஒரு டாஃப்னியாவை 'மின்னஹாஹா' என்ற பெயரில் தனி இனமாக வைத்திருந்தார்கள். 1981-இல் குரூகர், டாட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அது சாதாரண டாஃப்னியா பியூலெக்ஸ்தான் என்று காட்டினார்கள். கேயோபோரஸ் என்ற கொசு போன்ற பூச்சியின் புழு தண்ணீரில் இருந்தால், அதன் வாடையில் வளரும் குட்டிகளுக்குப் பிடரிப் பல் முளைக்கிறது. புழு இல்லாவிட்டால் பல்லும் இல்லை.

தீனியும் தலையை மாற்றும். லைப்சிக்கில் ரிச்சர்டு வோல்டரெக் டாஃப்னியாவை வெவ்வேறு அளவு தீனியில் வளர்த்து, ஒவ்வொன்றின் தலை உயரத்தையும் அளந்து கோடு போட்டு 1909-இல் வெளியிட்டார். ஒரே வம்சம், தீனிக்குத் தகுந்த மாதிரி தலை உயரம். ஓர் உயிர் பரம்பரையாகப் பெறுவது ஒரு வடிவத்தை அல்ல, சூழலுக்கு ஏற்ப எப்படி எப்படி வடிவம் எடுக்கும் என்ற வரம்பை என்று அவர் சொன்னது உயிரியலுக்கே அடிப்படையாகிவிட்டது. இந்த எண்ணம் பிறந்தது ஒரு நீர்த்தெள்ளின் தலையிலிருந்து என்பதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் முதலில் படுவது எல்லாம் – தொப்பி, முள்ளின் நீளம், உடம்பின் அளவு, நிறம் – மீனுக்கும் தீனிக்கும் பதில் சொல்லும் உறுப்புகள். அவை மாறும். நகத்திலுள்ள சீப்புப் பற்கள், பின்வயிற்றின் விளிம்பு, தலையின் இரு பக்கமும் வீசி நீந்தும் கொம்பின் கணுக்கள், உறக்க முட்டைப் பெட்டியின் அமைப்பு: இவற்றுக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. அவை நிலைத்து நிற்கும். உருண்டைத் தலையின் நகத்தையும், தொப்பித் தலையின் நகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். ஒன்றாக இருந்தால் அநேகமாக ஒரே இனம்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே ஒரு உருண்டைத் தலைப் பெண்ணைத் தனி பாட்டிலில் விடுங்கள். ஆண் துணையில்லாமலே குட்டி போடும். குட்டிகள் எல்லாம் தாயின் நகல். அவற்றைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சாதாரணக் குளத்து நீர், மறு பாதிக்கு மீன் தொட்டியில் எடுத்து மெல்லிய துணியில் வடித்த நீர். தீனி இரண்டுக்கும் ஒரே அளவு. அடுத்த தலைமுறையின் தலையை அளந்து பாருங்கள். இது உங்கள் திட்ட அறிக்கையில் ஒரு முழு அத்தியாயமாகும்.

உங்கள் வலையில் சிறிய, உருண்டையான, தலையில் குட்டிக் கொம்பு வைத்த ஒன்றும் கட்டாயம் வந்திருக்கும்: செரியோடாஃப்னியா கார்னூட்டா. கொம்புள்ளதும் கொம்பில்லாததும் ஒரே ஏரியில் சேர்ந்தே இருக்கும். பனாமாவின் கட்டூன் ஏரியில் தாமஸ் சாரெட் இவற்றை ஆராய்ந்தார். கொம்பில்லாததற்குக் கண் பெரிது, அதனால் மீன் அதைத்தான் எளிதாகப் பார்த்துப் பிடித்தது. அவர் மை கலந்து ஊட்டி, கொம்புள்ளதன் குடலைக் கறுப்பாக்கிப் பார்த்தார். அப்போது மீன் அதன் பக்கம் திரும்பியது. எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்!

எங்கள் ஊர்க் கண்மாய் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துவிடும். மழை பெய்து தண்ணீர் நின்று கொஞ்ச நாளிலேயே இந்தப் பூச்சிகள் வந்துவிடுகின்றன. எங்கிருந்து வருகின்றன?
– விவசாயி, ராமநாதபுரம் மாவட்டம்

வெளியிலிருந்து வரவே தேவையில்லை ஐயா, உங்கள் கண்மாய் மண்ணிலேயே கிடக்கின்றன. தண்ணீர் வற்றும் நேரத்தில், கூட்டம் நெருக்கும் நேரத்தில், ஆண்கள் பிறக்கின்றன. கூடிய பிறகு பெண் உறக்க முட்டை போடுகிறது. முதுகு ஓட்டின் ஒரு பகுதி தடித்துக் கறுத்து, முட்டையைப் பூட்டிய பெட்டியாகி, தோல் உரிக்கும்போது கழன்று விழுகிறது. குதிரை முதுகில் போடும் சேணத்தின் உருவம் அதற்கு. விலங்கியலில் சேணம் என்றே சொல்வோம். வெயிலையும் வறட்சியையும் தாங்கி வண்டலுக்குள் காத்திருக்கும்.

இந்த மண்ணை வைத்தே இனம் கண்டுபிடித்தவர் ஒருவர் இருக்கிறார். நார்வேக்காரர் ஜி. ஓ. சார்ஸ். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போகவில்லை. கார்ல் லும்ஹோல்ட்ஸ் என்ற பயணி, குயின்ஸ்லாந்தில் ராக்ஹாம்ப்டன் பக்கத்திலுள்ள கிரேஸ்மியர் என்ற நீர்நிலையின் காய்ந்த சேற்றை அனுப்பிவைத்தார். சார்ஸ் தன் ஊரில் கண்ணாடித் தொட்டியில் அதைப் போட்டு நீர் ஊற்றினார். சேணங்கள் பொரிந்து நீர்த்தெள்ளுகள் நீந்தின. அவற்றை உயிரோடு பார்த்து, வரைந்து, 1885-இல் வெளியிட்டார். மேலே கோவை மாணவிக்குச் சொன்ன லும்ஹோல்ட்சியும் கார்னூட்டாவும் உலகுக்கு அறிமுகமானது அந்தச் சேற்றிலிருந்துதான். சேறு அனுப்பியவர் பெயரே ஓர் இனத்துக்கு நின்றுவிட்டது.

நீங்களும் செய்யலாம். வெடிப்புகளுக்குள் படிந்திருக்கும் மேல் வண்டலில் ஒரு கைப்பிடி எடுத்து, குளோரின் இல்லாத தண்ணீரில் கரைத்து, வெளிச்சம் படும் சன்னலில் வையுங்கள். பொரிவதற்கு முன்னாலேயே சேணத்தைப் பார்த்துப் பாதி அடையாளம் சொல்லிவிடலாம் என்பது இதில் அழகு. கலக்கிய தண்ணீரின் மேல் மட்டத்தில் கறுப்பாக மிதக்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். உள்ளே ஒரே முட்டை என்றால் செரியோடாஃப்னியா, சைமோசெஃபாலஸ் என்ற இன்னொரு நீர்த்தெள்ளு வகை, மொய்னா மைக்ரூரா இவற்றில் ஒன்று. சைமோசெஃபாலஸின் சேணம் முக்கோணமாக இருக்கும். இரண்டு முட்டை இருந்து, பெட்டி நீளமாகவும் இருந்தால் டாஃப்னியா. அந்த இரண்டு முட்டைகளும் முதுகு விளிம்புக்குக் குறுக்காக நிற்கின்றனவா, இணையாகப் படுத்திருக்கின்றனவா என்பதும் முக்கியம். குறுக்காக நின்றால் பியூலெக்ஸ் வகையறா. படுத்திருந்தால் டெனோடாஃப்னியா என்ற உட்பிரிவு. லும்ஹோல்ட்சியும் ஐரோப்பாவின் பெரிய டாஃப்னியா மேக்னாவும் இந்த உட்பிரிவுதான். தயாஃபனோசோமா என்று இன்னொன்று நம் ஏரிகளில் நிறைய உண்டு. அது சேணம் கட்டுவதே இல்லை. உறக்க முட்டையை அப்படியே தண்ணீரில் விட்டுவிடும்.

கிணற்றுத் தண்ணீரில் வெள்ளையாக ஏதோ துள்ளுகிறது. "நரம்புச் சிலந்தி வரும், குடிக்காதே" என்கிறார் பாட்டி. நீர்த்தெள்ளால் அந்த நோய் வருமா?
– வாசகி, வேடசந்தூர்

நீர்த்தெள்ளால் வராது. நரம்புச் சிலந்திப் புழுவைச் சுமந்தது சைக்ளாப்ஸ் என்ற வேறு ஒரு சிற்றுயிர். பாட்டி தலைமுறைக்குத் தெரிந்த பயம் வீணானதல்ல. சைக்ளாப்ஸோடு தண்ணீரைக் குடித்தவர்களுக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு கழித்துக் காலில் புண் வெடித்துப் புழு வெளியே வரும். ஆனால் இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டது. கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் பதிவானார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நோயற்ற நாடு என்று சான்று கொடுத்தது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. சைக்ளாப்ஸ் முன்னால் பருத்து, பின்னால் ஒடுங்கி, வால் இரண்டாகப் பிரியும். முட்டை சுமப்பது பின்புறத்தில், இரு பக்கமும் இரண்டு பைகளாக வெளியே தொங்கும். நீர்த்தெள்ளு பக்கவாட்டில் தட்டையாக, இரு மடிப்பு ஓட்டுக்குள் இருக்கும். முட்டை முதுகில், ஓட்டுக்கு உள்ளே. எதுவாக இருந்தாலும் வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, காய்ச்சிக் குடியுங்கள். பாட்டி சொல்வதைக் கேட்பதில் நஷ்டமில்லை.

எங்கள் தொட்டியில் ஒரு வாரம் வெளிர் நிறம், மறு வாரம் சிவப்பு. இனம் மாறிவிட்டதா?
– வாசகர், திருச்சி

இல்லை. பிராணவாயு குறைந்தால் நீர்த்தெள்ளு ஹீமோகுளோபினைக் கூடுதலாகத் தயாரிக்கும். நம் ரத்தத்திலுள்ள அதே வகைப் பொருள்தான். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் சிவப்பு வெளியே தெரிகிறது. நல்ல தண்ணீர் மாற்றுங்கள், வெளிறிவிடும்.

அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். பள்ளி மைக்ரோஸ்கோப்பில் நீங்கள் சொல்லும் பின்வயிற்றையும் நகத்தையும் மாணவர்களுக்குக் காட்ட முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?
– ஆசிரியர், விழுப்புரம்

தாராளமாக முடியும். 10, 40 என்ற இரண்டு லென்ஸும் ஒழுங்காக இருந்தால் போதும்.

உயிரோடு ஸ்பிரிட்டில் போட்டால் வலியில் விரைத்து, ஓடு விரிந்து, முட்டைகள் வெளியே சிதறிவிடும். அதனால் முதலில் கடையில் விற்கும் சோடாத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். மயங்கி அமைதியாகிவிடும். அப்புறம் ஸ்பிரிட்டுக்கு மாற்றுங்கள். பார்மலின் பிள்ளைகள் கையில் வேண்டாம். ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசரின், அதில் ஒரு விலங்கு. கவர் சிலிப்பை அப்படியே வைத்தால் நசுங்கிவிடும். அதன் நாலு மூலையிலும் கடுகளவு மெழுகு ஒட்டிக் கால் மாதிரி செய்து வையுங்கள். அப்போது சிலிப்பை விரலால் லேசாக நகர்த்தினால் உள்ளே விலங்கு உருளும். பக்கவாட்டில் படுத்தவுடன் நிறுத்துங்கள்.

பின்வயிறு ஓட்டுக்குள் மறைந்திருந்தால், விளக்குமாற்றுக் குச்சியில் செருகிய மெல்லிய ஊசிகள் இரண்டு வேண்டும். ஒன்றால் உடம்பைப் பிடித்துக்கொண்டு, மற்றதால் பின்வயிற்றை அடியிலிருந்து மெதுவாக வெளியே இழுங்கள். நகத்தை 40-இல் ஃபோகஸ் செய்து, நுண்ணிய திருகை முன்னும் பின்னும் ஆட்டினால் அடிப்பக்கத்திலிருந்து நுனி வரை மூன்று வரிசைச் சீப்பு தென்படும். மூன்று சீப்பும் ஒரே மாதிரி மெல்லிய மயிராக இருந்தால் ஒரு கூட்டம். நடுச்சீப்பில் மட்டும் நாலைந்து பற்கள் தடித்து, எண்ணும்படி நின்றால் பியூலெக்ஸ் கூட்டம். டாஃப்னியா மேக்னாவாக இருந்தால் நகம் வரை போகவே வேண்டாம், பின்வயிற்றின் மேல் விளிம்பிலேயே ஆழமான வளைவு விழுந்திருக்கும்.

எதையும் கொல்ல மனமில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. இவை அடிக்கடி தோல் உரிப்பவை. ஜாடியின் அடியில் உரித்த சட்டைகள் கிடக்கும். நகம், பற்கள், முள் எல்லாம் அதில் அப்படியே இருக்கும், உள்ளே சதை இல்லாததால் விலங்கைவிடத் தெளிவாகவும் தெரியும். ஏரிகளின் பழைய வண்டலைத் துளைத்தெடுத்து ஆராய்பவர்களுக்கும் டாஃப்னியாவில் பெரும்பாலும் கிடைப்பது சேணமும் நகமும்தான்.

எதிலிருந்து தொடங்குவது? நீந்தும் கொம்பிலிருந்து. தலையின் இரு பக்கமும் கைகள் மாதிரி வீசுகிறதே, அந்த இரண்டாம் உணர்கொம்பு. 1669-இல் டச்சுக்காரர் சுவாமர்டாம் இந்த உயிரைப் பார்த்தபோது அவர் மனதில் நின்றதும் அந்தக் கிளை விட்ட கொம்புதான். அது இரண்டு கிளையாகப் பிரியும். ஒவ்வொரு கிளையிலும் எத்தனை கணு என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். மேல் கிளையில் நாலு, கீழ்க் கிளையில் மூன்று என்றால் டாஃப்னியா, செரியோடாஃப்னியா, மொய்னா பக்கம் போகலாம். இரண்டிலும் மூன்று என்றால் கைடோரஸ் குடும்பம். உருண்டையாக, அலகு கீழே வளைந்து, செடிகளுக்கிடையிலும் சேற்றோரத்திலும் ஊர்வது போல் திரியும். மேலே இரண்டு, கீழே மூன்று என்றால் தயாஃபனோசோமா குடும்பம். ஆறு ஜோடிக் கால்களும் ஒரே மாதிரி இருப்பது அதற்கு இன்னொரு சாட்சி. டாஃப்னியாவுக்கு ஐந்து ஜோடிதான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். முதல் உணர்கொம்பு யானைத் தும்பிக்கை போல முகத்திலிருந்தே நீண்டு வளைந்தால் கணு எண்ணவே தேவையில்லை, அது போஸ்மினா.

இருக்கும் இடமும் உதவும். நீர்ப்பரப்பின் அடியில், வயிறு மேலாகத் தலைகீழாகத் தொங்கினால் ஸ்கேஃபோலெபெரிஸ். அதன் ஓட்டின் கீழ் விளிம்பு கோடு போட்ட மாதிரி நேராக, கறுப்பாக இருக்கும். செடியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால் சைமோசெஃபாலஸ். பிள்ளைகளைக் கட்டாயம் வரையச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுத்தால் போதும் என்பார்கள். போதாது. வரையும்போதுதான் ஒவ்வொரு பல்லையும் கண் எண்ணும்.

இப்போது எல்லாம் டி.என்.ஏ. ஆயிற்றே. இந்த நகம், பல் எண்ணும் வேலை இனியும் தேவையா?
– வாசகர், சிங்கப்பூர்

தேவை. டி.என்.ஏ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறு மரபணுத் துண்டை வைத்து இனம் சொல்லும் 'பார்கோடிங்' முறையை 2003-இல் முன்வைத்த கனடாக்காரர் பால் ஹீபர்ட் யார் தெரியுமா? தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் டாஃப்னியாக்களை வகைப்படுத்தி 1977-இல் எழுதியவர். உடலமைப்பால் இனம் பிரிப்பதன் சிரமத்தை இதே நீர்த்தெள்ளில் அனுபவித்தவர்தான் அந்த முறைக்கே வழிகாட்டினார். 2011-இல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட முதல் ஓட்டுடலி (நண்டு, இறால் சேர்ந்த கூட்டம்) டாஃப்னியா பியூலெக்ஸ். ஏறத்தாழ 31,000 மரபணுக்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள்.

டி.என்.ஏ. வந்து, உடலமைப்புப் பார்த்தவர்கள் சந்தேகப்பட்டதைத்தான் பெரும்பாலும் உறுதி செய்தது. உலகம் முழுக்க ஒரே நீர்த்தெள்ளு இனங்கள் பரவிக் கிடக்கின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்காவின் டேவிட் ஃபிரே, கைடோரஸ் வகைகளின் ஓடுகளையும் கால்களையும் பொறுமையாக ஒப்பிட்டு, 1982-இல் அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டார். ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்றார். அதையே பின்னால் மரபணுவும் சொன்னது.

நமக்கும் இதில் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. டாஃப்னியா கரினேட்டா என்ற பெயர் 1853-இல் ஆஸ்திரேலிய விலங்குக்கு கிங் என்பவர் வைத்தது. நம் பழைய கட்டுரைகளில் பெரிய டாஃப்னியாவைக் கண்டால் உடனே கரினேட்டா என்று எழுதிவிடுவார்கள். 1991-இல் ஹுடெக் என்ற ஆய்வாளர், சிமிலிஸ் என்ற டாஃப்னியாக் கூட்டத்தை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்து, டாஃப்னியா சிமிலாய்டிஸ் என்ற புது இனத்தை விவரித்தார். ஆகவே கரினேட்டா என்று பெயர் எழுதி நம் கல்லூரி அலமாரிகளில் இருக்கும் குப்பிகளை எல்லாம் திறந்து மறுபடி பார்க்க வேண்டும். பழைய பார்மலின் குப்பியில் டி.என்.ஏ. எடுப்பது மிகக் கடினம். நகமும் சேணமும் மட்டும் அப்படியே இருக்கும். வேலைக்கு ஆள் வேண்டும், இளையவர்கள் வாருங்கள்.

இந்திய இனங்களுக்கு நூல் ஏதாவது உண்டா? மாதிரி அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?
– பலர்

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் 1988-இல் வெளியிட்ட, மைக்கேல், சர்மா இருவரும் எழுதிய தொகுதி உண்டு. படங்களோடு, படிப்படியாக இனம் கண்டுபிடிக்க உதவும் திறவுகோல் இருக்கிறது. பெயர்கள் சில இப்போது மாறியிருக்கலாம், படங்கள் மாறவில்லை.

மாதிரி அனுப்பலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறு பாட்டிலில், ஸ்பிரிட்டில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் ஊர், நீர்நிலையின் பெயர், தேதி, நடுநீரில் பிடித்ததா செடியோரத்தில் பிடித்ததா, அந்தத் தண்ணீரில் மீன் இருந்ததா என்று எழுதிப் பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். பேனா வேண்டாம், மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பென்சிலால் எழுதுங்கள். முட்டை சுமக்கும் பெண்கள் சிலவும், சேணம் சுமப்பது அகப்பட்டால் அதுவும் கட்டாயம் இருக்கட்டும்.